எஸ்-7 பெட்டிக்காரர்களுக்கு

காசிக்கு என்னோடு வந்த முப்பத்தொரு பேருக்கும், பதினாலு நாளும் நம்மைப் பட்டினி போடாமல் கூட்டிவந்த சமையல்காரத் தம்பிக்கும் வணக்கம்.

இருபத்தொன்பது வருஷம் தபாலாபீசில் உட்கார்ந்து அடுத்தவர் கடிதத்துக்கு முத்திரை குத்தியவள், ஊரே படிக்கும்படி ஒரு கடிதம் எழுதுவது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. வேறு வழியில்லை. உங்களில் பாதிப் பேருடைய விலாசம் என்னிடம் கிடையாது. கயாவில் நடந்த சண்டைக்குப் பிறகு வாட்ஸ்அப் குழுவைவிட்டு ஒன்பது பேர் வெளியேறிவிட்டீர்கள். மிச்சம் இருப்பவர்கள் விடிந்ததும் ஒரு ரோஜாப்பூப் படம் போடுவதோடு சரி.

விஷயம் இதுதான். நாம் போய்வந்த யாத்திரையைப் புத்தகமாக எழுதி முடித்துவிட்டேன். சிவகாசியில் அச்சுக்குப் போகக் காத்திருக்கிறது. அதில் நீங்கள் அத்தனை பேரும் இருக்கிறீர்கள். யாரும் பயப்பட வேண்டாம் என்று எழுதத்தான் ஆசை. ஒன்றிரண்டு பேர் கொஞ்சம் பயப்படலாம். அதனால் அச்சேறும் முன்னால், எதை எழுதினேன், எதை அடித்தேன், யாரை மாற்றினேன் என்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ரயிலில் நான் நோட்டும் கையுமாக இருந்ததைப் பார்த்து, “தங்கச்சி டைரி எழுதுது” என்று பெட்டி முழுக்கச் சொன்னவர் பொதுப்பணித்துறை அண்ணாச்சி. டைரியெல்லாம் இல்லை அண்ணாச்சி, செலவுக் கணக்கு. பென்ஷன்காரி காசிக்குப் போனாலும் கணக்கு எழுதாமல் இருக்க முடியாது. ஊர் திரும்பி எழுத உட்கார்ந்தபோது அந்த நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வாழைப்பழம் நாற்பது ரூபாய் என்பதை வைத்துக்கொண்டு காசியைப் பற்றி என்ன எழுதிவிட முடியும் என்று நினைத்தேன்.

எல்லோரும் தொடங்குகிற இடத்திலேயே நானும் தொடங்கினேன். காசி எவ்வளவு பழைய ஊர், கங்கை அங்கே எப்படி வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது, படித்துறைகள் எண்பத்துநான்கு, ராமேஸ்வரத்து மணலை எடுத்துப்போய்ப் பிரயாகையில் கரைத்துவிட்டு அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை நிறைவு, இப்படி. நாற்பது நாளில் 260 பக்கம். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. சிவகாசியில் டிடிபி வேலை பார்க்கும் என் அண்ணன் மகனிடம் கொடுத்தேன். அடித்து முடித்துவிட்டுப் போன் செய்தான்.

“அத்தை, கம்ப்யூட்டர்ல தேடிப் பார்த்தேன். ‘புனித’ங்கிற வார்த்தை நூத்திப் பதினேழு தடவை வருது. ‘பரவசம்’ நாப்பத்தாறு. உங்ககூடப் போனவங்க முப்பது பேருக்கு மேலே இருப்பாங்கல்ல? ஒரு ஆள்கூட வாயத் திறக்கலையே.”

இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பழைய ஆபீஸ் ஞாபகம் வந்தது. தந்தி கொடுக்க வருகிறவர்களுக்கு நான்தான் வார்த்தையை எண்ணிக் குறைத்துக் கொடுப்பேன். “அன்புள்ள அண்ணனுக்கு” எதற்கு, விலாசத்தில்தான் பேர் இருக்கிறதே என்று அடிப்பேன். தந்தி 2013 ஜூலையோடு நின்றது. என் கைப்பழக்கமும் அதோடு போய்விட்டது போல. ஊரார் சாவையும் பிரசவத்தையும் ஐந்து வார்த்தையில் அடக்கியவள், என் பரவசத்தை நாற்பத்தாறு இடத்தில் கொட்டி வைத்திருக்கிறேன்.

அதைவிட வெட்கக்கேடு கயா அத்தியாயம். பல்கு ஆறு வறண்டு கிடந்தது, சீதை இட்ட சாபத்தால் தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடுகிறது, நாம் கையால் ஊற்றுத் தோண்டி நீர் எடுத்துப் பிண்டம் வைத்தோம் என்று உருகி உருகி எழுதியிருந்தேன். பொதுப்பணித்துறை அண்ணாச்சி படித்துவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். “நாம எங்கம்மா மணலைத் தோண்டினோம்? தண்ணிதான் நின்னுச்சே!” நின்றது. விஷ்ணுபாதம் கோயிலை ஒட்டி ஆற்றின் குறுக்கே 2022 செப்டம்பரில் ரப்பர் அணை திறந்திருக்கிறார்கள், 411 மீட்டர் நீளம். காற்றடைத்த ரப்பர் பையை வைத்து ஓர் ஆற்றை எப்படி மறிப்பது என்று அண்ணாச்சி, தன் முறை முடிந்த கையோடு, ஈர வேட்டியுடன் இரண்டு மாமாக்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாரே, மறந்துவிட்டதா? நான் மறக்கவில்லை. அந்தத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு நின்றவள்தான் நான். ஆனால் எழுத உட்கார்ந்ததும், சின்ன வயதில் கதாகாலட்சேபத்தில் கேட்ட ஆறு வந்து கண்ணால் கண்ட ஆற்றை மறைத்துவிட்டது. காசியிலும் அதே கூத்து. விஸ்வநாதர் கோயிலுக்கு இருள் மண்டிய சந்துகளில் மாடுகளோடு முட்டி மோதிப் போனோம் என்று எழுதியிருந்தேன். நாம் படித்துறையிலிருந்து ஏறிப் போனதோ 2021 டிசம்பரில் திறந்த அகன்ற வளாகத்தின் வழியாக. அனுமன் படித்துறையில் பாரதி 1898 முதல் நான்கு வருஷம் போல இருந்த வீட்டுக்கு நான்கு பக்கம். அங்கே நாம் நின்றது பத்து நிமிஷம். அதில் எட்டு நிமிஷம் காணாமல்போன செருப்பைத் தேடினோம்.

செருப்பு புத்தகத்தில் இருக்கிறது. பாரதிக்கு ஒரு பத்தி.

மறுபடி எழுதக் கை வரவில்லை. அப்போது கை கொடுத்தவர் எங்கள் எதிர்வீட்டு மதினி. உங்களுக்கு ஞாபகமிருக்கும், முதல் ஆளாகப் பணம் கட்டியவர், முப்பத்துமூன்றாம் எண் படுக்கை. கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது துவைகல்லில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. நான் திரும்பி வந்த பிறகு மத்தியான நேரத்தில் அவர் கட்டில் பக்கம் போய் உட்கார்ந்து யாத்திரையைச் சொல்வேன். முதல் நாள், படித்துறை எண்பத்துநாலு மதினி என்று ஆரம்பித்தேன்.

“அது இருக்கட்டும். ரயில்ல கக்கூசுல தண்ணி வந்துச்சா?”

அதிலிருந்து கேள்விதான். ரசத்துக்குப் புளி கொண்டுபோனீகளா, அங்கேயே வாங்குனீகளா? மேல் படுக்கையில் ஏற மாட்டேன் என்று யார் மல்லுக்கு நின்றது? படகுக்காரன் என்ன கேட்டான், கடைசியில் எவ்வளவுக்குப் படிந்தது? குளிர் எப்படி, எத்தனை போர்வை? பதில் சொல்லச் சொல்ல, 260 பக்கத்தில் இல்லாததெல்லாம் என் வாயில் வந்துகொண்டிருந்தது. அவர் சிரித்த இடங்களை வீட்டுக்கு வந்து குறித்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்ட இடங்களையும் குறித்துக்கொண்டேன். அதெல்லாம் நான் நீட்டிய இடங்கள்.

ஒருநாள் சாதாரணமாகக் கேட்டார்: “என் படுக்கையில யாரு படுத்தா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பையனைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதியிருக்கவில்லை.

33ஆம் எண், எனக்கு நேர் கீழே. ரத்து செய்த டிக்கெட் காத்திருப்போர் பட்டியலில் இருந்த யாருக்கோ போனது. சென்னையில் வண்டி கிளம்பும் நேரத்தில் ஒரு பையன் ஓடிவந்து அதில் உட்கார்ந்தான். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். தோளில் ஒரு பை, கையில் ஒரு மின்விசிறிப் பெட்டி. அவனுக்குத் தமிழ் தெரியாது என்று முடிவு கட்டி, அவனை வைத்துக்கொண்டே அவனைப் பற்றிப் பேசினோம். “இவன் பக்கத்துல பையை வைக்காதீக” என்று ஒரு குரல் சொன்னது. அவன் நிமிர்ந்து பார்த்து, “ஏனுங்க அக்கா, மேல வெச்சுக்குங்க. எனக்கும் காலு நீட்டோணும்” என்றான். பெட்டியே அடங்கிப்போனது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் மூன்று வருஷம். சொந்த ஊர் சப்ராவுக்குப் பக்கம். ‘கங்கா காவேரி’ நமக்குத்தான் காசி வண்டி. அதன் கடைசி ஊர் சப்ரா, அவனுக்கு அது வீட்டுக்குப் போகிற வண்டி.

மறுநாள் முழுக்க அவன்தான் நமக்கு எல்லாம். சமையல்காரத் தம்பிக்குக் காய்கறிப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தான். தம்பி பொட்டலக் காகிதத்தின் பின்பக்கம் தமிழில் எழுதிக்கொண்டார்: ஆலு, பேங்கன், பிண்டி, இம்லி. நாம் எதற்காகக் காசிக்குப் போகிறோம் என்று கேட்டான். ஆளாளுக்கு விளக்கினோம். நீ எத்தனை தடவை போயிருக்கிறாய் என்று மாமா ஒருவர் கேட்டார். “ஊருக்குப் போறப்பெல்லாம் தாண்டித்தானுங்க போறேன். எறங்குனதில்லைங்க. எறங்குனா லீவு போயிருமுங்க.” மூன்றாம் நாள் காலையில் நம் பெட்டிகளையெல்லாம் இறக்கிக் கொடுத்துவிட்டு, மதினியின் படுக்கையில் மறுபடி படுத்துக்கொண்டான். அவன் பெயரைக் கேட்க நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. புத்தகத்தில் அவன் ‘33’. முதல் அத்தியாயம் மதினியின் கேள்வியில்தான் தொடங்குகிறது. காசி வர 90 பக்கம் ஆகிறது. அண்ணன் மகன் கொஞ்சம் முணுமுணுத்தான், விட்டுக்கொடுக்கவில்லை.

இதற்கிடையில், மற்றவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று நூலகத்துக்கு அலைந்தேன். ஏனுகுல வீராஸ்வாமி என்று ஒருவர், சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். 1830 மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டவர், திரும்பி வந்தது அடுத்த வருஷம் செப்டம்பரில். ரயில் கிடையாது. வழியில் கண்டதையெல்லாம் தெலுங்கில் தன் சிநேகிதர் ஸ்ரீனிவாச பிள்ளைக்கு எழுதி அனுப்பியபடியே போயிருக்கிறார். 1838இல் அது புத்தகமாக வந்தது. எந்த ஊரில் தங்கலாம், எங்கே கடை இருக்கிறது, எங்கே நல்ல தண்ணீர் என்பதெல்லாம் அதில் உண்டு. சிநேகிதர் கேட்பார் என்று தெரியும், எழுதியிருக்கிறார். அவருக்கு ஒரு பிள்ளை, எனக்கு ஒரு மதினி.

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து பரீட்சையோடு மறந்த ஆற்றுப்படையையும் எடுத்துப் புரட்டினேன். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை. மலைபடுகடாம் 583 அடி. பரிசு வாங்கித் திரும்புகிற கூத்தன், எதிரே பசியோடு வருகிற கூத்தனை நிறுத்தி வழி சொல்கிறான்: எங்கே வழுக்கும், எங்கே பாம்புக் குழி, எந்தக் குடியில் கேட்டால் என்ன சோறு கிடைக்கும். இதைத் தமிழாசிரியர் நடத்தியபோது வள்ளலின் கொடைச் சிறப்பு என்று பத்து மதிப்பெண் கேள்வியாகத்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. போய்வந்தவன் போகிறவனுக்குச் சொல்கிறான் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னார்களோ என்னவோ, எனக்கு அப்போது போக ஓர் ஊர் இல்லை.

ஏ.கே. செட்டியாரைப் படித்ததில்தான் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. காந்தி படத்துக்காக உலகமெல்லாம் அலைந்து 1940இல் அதை வெளியிட்டவர் அவர். அவ்வளவு சுற்றியவரின் எழுத்தில் ‘நான்’ ஓரமாக ஒதுங்கியே நிற்கிறது. சின்னச் சின்ன வாக்கியம், அலட்டல் இல்லை. அடடா, இப்படியல்லவா எழுத வேண்டும் என்று என் ‘நான்’களையெல்லாம் ஒரு வாரம் பிடுங்கி எறிந்தேன். பக்கம் சுத்தமாகிக்கொண்டே வந்தது. பிறகு அந்தப் பையை வைக்கும் இடத்தில் மாட்டிக்கொண்டேன். ‘ஒரு குரல் சொன்னது’ என்று எழுதியிருந்தேன். மேலேயும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், பாருங்கள். அந்தக் குரல் என்னுடையது. உங்களில் சிலருக்கு அது தெரியும், நாகரிகமாக இத்தனை நாள் சொல்லாமல் இருந்தீர்கள். செட்டியார் ஒதுங்கியது அடக்கம். நான் ஒதுங்கினால் அது ஒளிந்துகொள்வது. ‘நான்’ எல்லாவற்றையும் திரும்பப் போடவில்லை. தப்பு செய்த இடங்களில் மட்டும் போட்டேன்.

நீங்கள் பேசுவதை எழுதுவது பெரும்பாடாகப் போய்விட்டது. முதலில் எல்லோரையும் வானொலிச் செய்தி வாசிக்க வைத்தேன். கயாவில் அத்தனை பேர் கூடத்தில் நின்று கத்தியதை, “தாங்கள் கூறுவது முறையன்று” என்று எழுதியிருந்தேன். அண்ணன் மகன் ஒரு மணி நேரம் சிரித்தான். பிறகு நேர்மாறாக, அருப்புக்கோட்டைக்காரர், சாத்தூர்க்காரர், கல்யாணமாகி மதுரையிலிருந்து வந்த சித்தி என்று ஆளுக்கொரு பேச்சை அப்படியே எழுத்தில் கொண்டுவரப் பார்த்தேன். பக்கத்தைப் பார்த்தால் மேற்கோள் குறியும் கொக்கியுமாகக் கள்ளிக்காடு மாதிரி இருந்தது, எனக்கே படிக்க வரவில்லை. கடைசியில் ஆளுக்கு இரண்டு மூன்று சொல் என்று வைத்துக்கொண்டேன். சித்திக்கு “அங்கிட்டு”. சாத்தூர் மாமாவுக்கு எதற்கெடுத்தாலும் “அதெப்படி?” அது போதும், நீங்கள் வந்துவிடுகிறீர்கள்.

செலவு நோட்டைத் திறந்தது இதற்கப்புறம்தான். நான் மிகவும் நேசித்த ஒரு வரியால் வந்த வினை அது. “இடார்சிக்கு முன்னால் நர்மதைமேல் சூரியன் சிவந்து இறங்கியது.” படித்தவர்கள் எல்லோரும் பாராட்டிய வரி. மறுபடியும் அண்ணாச்சிதான். தேசப்படத்தை விரித்துக் காட்டினார். இடார்சி நர்மதைக்குத் தெற்கே இருக்கிறது. நாக்பூரிலிருந்து போகிற நம் வண்டி அதற்கு முன்னால் நர்மதையைத் தொடுவதே இல்லை. கிழக்கே திரும்பி ஜபல்பூரை நெருங்கும்போதுதான் தாண்டுகிறது. அப்போது நன்றாக இருட்டிவிட்டது. நான் பார்த்த சூரியன் வேறெந்த ஆற்றின்மேல் இறங்கியதோ. சந்தேகத்துக்கு நோட்டைப் புரட்டினால் அந்தத் தேதியில் கடைசி வரி: “கிடந்த காசு, வரவு 2.” அவ்வளவுதான், எல்லாம் திரும்ப வந்தது. ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பாலத்தின் சத்தம் மாறியதும் அருப்புக்கோட்டை ஆச்சி, “ஆறு வந்துருச்சுத்தா” என்று இடது கையால் மடியை அவிழ்த்து ஒரு காசை எறிந்தார். அது ஜன்னல் கம்பியில் பட்டு உள்ளேயே விழுந்து உருண்டது. நர்மதை வேண்டாமென்று சொல்லிவிட்டாள் என்று சாத்தூர் மாமா சொல்ல, ஆச்சி அவரோடு காசி வரும்வரை பேசவில்லை. சூரியனை அடித்துவிட்டு இரண்டு ரூபாயைப் போட்டேன்.

அதன்பிறகு அந்த நோட்டை வரி வரியாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். “மண் குவளை டீ 10, குவளையை வீச மனசில்லை.” “ஆட்டோ, பேரம் சித்தி.” ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கொடுத்தது. வாழைப்பழம் ஒன்றுதான் கடைசிவரை ஒன்றும் கொடுக்கவில்லை.

பிரயாகைப் படகு. இது உங்களில் சிலருக்கு வருத்தம் தரலாம், அதனால் சொல்லிவிடுகிறேன். வெளுத்த கங்கையும் கருத்த யமுனையும் சேர்கிற இடத்தில் ராமேஸ்வரத்து மணலைக் கரைத்துவிட்டு, வேணி தானத்துக்காகத் தம்பதிகள் ஒரு பக்கம் உட்கார்ந்தீர்கள். கணவர் பின்னிவிட, ஜடை நுனியை வெட்டி ஆற்றில் விட்டார்கள். மற்ற இடத்தில் மிதக்கும் முடி அங்கே மூழ்கும் என்பார்கள். புருஷன் போய்ச்சேர்ந்த நாங்கள் ஆறு பேர் படகின் மறுபக்கம் இருந்தோம். யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. நாங்களாகவே போய் உட்கார்ந்தோம், பழக்கம். இரண்டாம் பிரதியில் இதற்கு மூன்று பக்கம் எழுதினேன். சமுதாயம், சடங்கு, பெண் என்று மேடைப் பேச்சு. கோபம் நியாயமானதுதான். ஆனால் படகில் நான் கோபப்படவே இல்லை. கோபம் ஊருக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு வந்தது. படகில் நடந்தது வேறு. ஆச்சி பையைத் திறந்து சம்படத்தை எடுத்து, “அவுக முடிய வெட்டட்டும், நாம முறுக்கக் கடிப்போம்” என்றார். ஆறு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் படகே ஆடியது. என்ன சத்தம் என்று புரோகிதர் திரும்பிப் பார்த்தார். மூன்று பக்கம் போய் இந்த அரைப் பக்கம் நிற்கிறது. என் கருத்து என்ன என்று யாராவது கேட்டால், முறுக்கு நன்றாக இருந்தது.

சமையல்காரத் தம்பி, உங்களிடம் ஒரு மன்னிப்பு பாக்கி. எல்லோரிடமும் போன் போட்டு ஞாபகங்களைக் கேட்டு முடித்த பிறகு, ஒப்புக்குத்தான் உங்களைக் கேட்டேன், காசியில் என்ன பார்த்தீர்கள் என்று. “நான் எங்கக்கா பார்த்தேன்? அடுப்படியும் காய்கறிச் சந்தையும்தான் எனக்குக் காசி” என்றீர்கள். பிறகு ஒன்றரை மணி நேரம் பேசினீர்கள். ஊரிலிருந்து தூக்கிவந்த ஆறு கிலோ புளி, எங்கு போனாலும் மூக்கில் ஏறிய கடுகெண்ணெய் வாசனை, 33 எழுத வைத்த காகிதத்தைச் சந்தையில் காட்டப் போய் அது தமிழில் இருப்பது அங்கே போனபிறகு உறைத்து வாய்விட்டுப் படித்துக் காட்டியது, கடைக்காரர்கள் உங்களை “இம்லி” என்றே கூப்பிட ஆரம்பித்தது. நாலாம் நாள் ராத்திரி அண்டாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் ஒற்றையாகப் போய்ப் படித்துறையில் உட்கார்ந்தீர்களாம். “ஆறு இருட்டா இருந்துச்சுக்கா. நம்ம பக்கம் அம்புட்டு வெளிச்சம், அந்தக் கரையில ஒரு விளக்குகூட இல்ல. அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.” படித்துறைகளெல்லாம் மேற்குக் கரையில்தான், எதிரே வெறும் மணல்வெளி. தினம் இரண்டு வேளை அங்கே போன எனக்கு அது கண்ணில் படவில்லை. காசி அத்தியாயத்தை முழுக்க உங்களிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் சொல்லிலேயே இருக்கிறது.

கயா சண்டை. தட்சிணைக் கணக்கில்தான் தொடங்கியது என்பதில் எல்லோருக்கும் சம்மதம். அதற்கு மேல் ஆறு பேரிடம் கேட்டேன், ஆறு சண்டை கிடைத்தது. சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியோரம் போய்வந்து இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள், 1971இல் வந்தது. இரண்டு பேர் சேர்ந்து ‘நாங்கள்’ என்று எழுதிவிடலாம். முப்பத்திரண்டு பேருக்கு நான் ஒருத்தி ‘நாங்கள்’ என்று எழுத முடியாது என்று கயாவில் தெரிந்துவிட்டது. அதனால் நான் கண்டதை மட்டும் வைத்திருக்கிறேன். நான் பாதியில் குளிக்கப் போய்விட்டேன். ஆகவே புத்தகத்திலும் சண்டை பாதியில் நிற்கிறது, கதவுக்கு வெளியே சத்தம் மட்டும் கேட்கிறது. யார் ஜெயித்தது என்று அதில் தேட வேண்டாம். குழுவைவிட்டு வெளியேறியவர்கள் திரும்ப வந்தால் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் யாருக்கும் இல்லை. உறவுமுறையும் ஊரும்தான். இரண்டு பேருக்கு ஊரை மாற்றியிருக்கிறேன், ஒருவருக்கு உத்தியோகத்தை. தங்களை அடையாளம் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களுக்கு மாற்றவில்லை. அண்ணாச்சி அதில் முதல் ஆள்.

கடைசியாக ஒன்று. ரயிலில் ஒரு ராத்திரி, விளக்கெல்லாம் அணைத்த பிறகு, உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். எந்த ராத்திரி, எந்தப் படுக்கை என்று சொல்ல மாட்டேன். யாரென்று தேடாதீர்கள். நடுப் படுக்கைக்காரிக்கு மேலேயிருந்தும் கீழேயிருந்தும் எல்லாம் காதில் விழும். ஒன்பது பக்கம் எழுதினேன். பேரை மாற்றி, ஊரை மாற்றி, ஆளையே மாற்றி எழுதினேன். அண்ணன் மகன் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. “அத்தை, புத்தகமே இதுதான்” என்றான். எனக்கும் தெரியும். மூன்று பிரதி எழுதிக் கற்றதெல்லாம் அந்த ஒன்பது பக்கத்தில்தான் வந்து சேர்ந்திருந்தது. ஒரு ‘பரவசம்’ கிடையாது.

அவருக்குப் போன் செய்து முழுக்க வாசித்துக் காட்டினேன். நடுவில் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்த பிறகு, “எல்லாம் சரியாத்தான் இருக்கு. அதான் வேண்டாங்கிறேன்” என்றார். எடுத்துவிட்டேன். அந்தப் பக்கங்கள் இருந்த இடத்தில் வண்டி ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ஒரே வரியில் போய்விடும். கையெழுத்துப் பிரதியை அவருக்கே தபாலில் அனுப்பிவைத்தேன், என்னிடம் நகல் இல்லை. கம்ப்யூட்டரிலிருந்தும் அழிக்கச் சொல்லிவிட்டேன். அவன் அழித்துவிட்டதாகச் சொன்னான். இதைப் படிக்கிறாயல்லவா தம்பி, நிஜமாகவே அழித்துவிடு.

வேறு யாருக்காவது ஏதாவது பக்கம் உறுத்தினால் இந்த மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள். என் வீட்டில் அச்சுப்படி இருக்கிறது, வந்து உட்கார்ந்து படிக்கலாம், காபி உண்டு. தை மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை புத்தகம் கைக்கு வரும். விழா என்று ஒன்றும் இல்லை. மதினி இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார், மாடியேற முடியாது. அதனால் வாசலிலேயே பந்தல். முதல் பிரதி அவருக்கு. சமையல் நம் தம்பிதான், பேசிவிட்டேன். கயாவில் பிடித்த காயை விட்டவர்கள், என்ன காய் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சாம்பாரில் போட்டுவிடப் போகிறார். பாகற்காயை விட்ட பதினோரு பேரும் சொல்ல வேண்டாம். அது எல்லோருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
34ஆம் படுக்கை